வார், பிடி, காது

பழைய தோல் பெட்டியைத் தைக்கக் கொடுக்கிறவர் ‘ஹேண்டில் பிஞ்சு போச்சு’ என்பார். எது பிய்ந்தது என்று அதிலிருந்து தெரியாது. கை பற்றும் இடம் பிரிந்திருக்கலாம், பட்டை இற்றிருக்கலாம், வளையம் கோத்த மடிப்பு விட்டிருக்கலாம். மூன்றும் மூன்று வேலை. தமிழில் மூன்றுக்கும் தனித்தனிச் சொல் இருக்கிறது: பிடி, வார், காது.

பிடியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பற்றும் செயலின் பெயரே பற்றும் பொருளுக்கும் ஆகிவந்தது. கத்திக்குப் பிடி, மொட்டைமாடிக்குக் கைப்பிடிச் சுவர். குடைக்கும் கோடாலிக்கும் காம்பு; மண்வெட்டிக்குச் சில ஊர்களில் கணை. பெட்டியின் பிடி இடம் மாறிய கதைதான் சுவையானது. நம் வீடுகளில் கிடக்கும் தகர டிரங்குப் பெட்டியைப் பாருங்கள்: குறுகிய பக்கம் இரண்டிலும் பிடி, தூக்க இரண்டு ஆள். சூட்கேஸ் என்ற பெயர் ஆங்கிலத்தில் 19ஆம் நூற்றாண்டின் கடைசியில் புழக்கத்துக்கு வந்தது. சூட்டு கசங்காமல் வைப்பதற்கான தட்டைப் பெட்டி அது. அதில் பிடி நீண்ட விளிம்பின் நடுவுக்கு வந்து ஒன்றாகிவிட்டது. கூலியாள் தேவையில்லை, ஒரு கை போதும். ஆனால் பெட்டியின் பாரம் முழுவதும் அந்த ஒரு பிடியின் இரண்டு முனைகளில் வந்து இறங்கியது. பழைய பெட்டிகள் அறுவதும் பெரும்பாலும் அங்கேதான்.

வார் பழைய சொல். செருப்பு வார் இன்றும் எல்லார் வாயிலும் இருக்கிறது. நீளம், நேர்மை என்ற பொருள் அதில் ஊறியிருக்கிறது. பனையோலையை நறுக்கி ஒழுங்கு செய்வதையும் வாருதல் என்றே சொல்கிறோம். புறநானூற்றின் 50ஆம் பாட்டில் முரசை இறுக்கிய தோல்வாருக்கு வள்பு என்று பெயர். 82ஆம் பாட்டில் இன்னொரு சொல் வருகிறது: போழ். போழ்தல் என்றால் பிளத்தல். தோலைப் பிளந்து எடுத்ததால் வார் போழாயிற்று. கட்டில் பின்னுகிறவன் ஒருவன். ஊரில் திருவிழா, மனைவிக்குப் பேறுகாலம், மழை கொட்டுகிறது, பொழுதும் சாய்கிறது. அவன் கையில் வாரைச் செலுத்தும் ஊசி எவ்வளவு விரையும்! அந்த விரைவைத்தான் பாட்டைப் பாடிய புலவர் சாத்தந்தையார் ஒரு வீரனின் போருக்கு உவமையாக்கினார். கைவேகத்தை அவ்வளவு கூர்ந்து பார்த்தவர், ஆளை மட்டும் இழிசினன் என்று சொல்லிவிட்டுப் போகிறார். தோல் வேலையின் சொல் வரலாற்றில் இந்தக் கசப்பைத் தாண்டிப் போக முடியாது.

நீளவாக்கில் அறுத்தால் மட்டும் வார் ஆகிவிடாது, எங்கே அறுக்கிறோம் என்பதும் முக்கியம். மாட்டின் முதுகுத் தோல் இறுக்கமானது, இழுத்தால் நீளாது. வயிற்றுத் தோல் தளர்ந்தது. முதுகெலும்பின் போக்கில் எடுத்த வாரே பாரம் தாங்கும். தோலைப் பதனிட்ட விதமும் பார்க்க வேண்டும். குரோம் பதத் தோல் துவண்டு இழுபடும். மரப்பட்டையில் பதனிட்ட தோல் விறைப்பாக நிற்கும், மடித்தால் மடிப்பும் நிற்கும்.

பட்டை என்றால் சென்னை மாகாணத்தில் ஆவாரம்பட்டைதான். அதில் பதனிட்டுக் கப்பலேறிய ஆட்டுத் தோலை லண்டன் வியாபாரிகள் ‘பெர்ஷியன்’ என்றார்கள். பாரசீகத்துக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. லண்டனின் கலைச் சங்கம் புத்தகக் கட்டுமானத் தோலை ஆராய ஒரு குழு அமைத்தது. இந்தியாவில் பதனிட்ட அந்தத் தோல் பத்தாண்டுக்குள்ளேயே நலியத் தொடங்குகிறது என்று 1901 வாக்கில் அது சொன்னது. நகரத்துக் காற்றிலிருக்கும் கந்தகப் புகை தோலில் அமிலமாகிறது. தோல் இற்று, தொட்டால் கையில் செம்பொடி ஒட்டுகிறது. பழைய பெட்டியை விரலால் தேய்த்து முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். பொடி உதிர்ந்தால் எண்ணெய் பூசுவதில் பயனில்லை. தோல் கறுக்குமே தவிர உரம் திரும்பாது.

இனி காது. அண்டாவில் வளையம் தொங்கும் இடம் காது, ஊசியில் நூல் நுழையும் துளை காது. துணிப்பைக்கோ பிடி முழுவதுமே காது. ஒன்றை நுழையவிட்டுத் தாங்கும் வளைவு எதுவானாலும் அந்தப் பெயர் பெறும். பெட்டியில், வளையத்தைக் கவ்வி மடிந்து உடலோடு தைக்கப்பட்ட தோல்துண்டை அப்படிச் சொல்வதுதான் பொருத்தம். பிடி நல்ல நிலையில் இருக்க, காது மட்டும் வளையத்தின் மடிப்பில் வெடித்திருக்கும். அப்போது பிடியை மாற்றுவது வீண் செலவு. காதைப் பிரித்து, அதே அளவில் புதுத் துண்டு வெட்டி, ஓரத்தைச் சீவி மெலிதாக்கி, பழைய துளைகளிலேயே தைக்க வேண்டும். பக்கத்தில் புதுத் துளை போட்டால் தபால்தலைத் தாள் போலப் பெட்டி அந்த வரிசையில் கிழியும். உடல் தோலே இற்றிருந்தால் உட்புறம் கெட்டித் துணியும் தோலும் அகலமாக ஒட்டி, பாரத்தை அதற்கு மாற்றித் தைக்கலாம்.

தைப்பதற்குப் பழைய பெயர் துன்னுதல். புகாரின் தொழிலாளர் பட்டியலில் சிலப்பதிகாரம் துணி தைப்பவரையும் தோல் தைப்பவரையும் தனித்தனியே சொன்னாலும், இருவர் பெயரிலும் இருப்பது அந்த வினைதான். தோலுக்கு இரண்டு ஊசி, ஒரே நூல். ஒவ்வொரு துளையிலும் இரு பக்கமிருந்தும் ஊசி நுழைந்து கடக்கும். ஓரிடத்தில் நூல் அறுந்தாலும் எதிர்ப்பக்க இழை பிடித்துக்கொள்ளும். தையல் எந்திரம் போடும் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் ஒன்றையொன்று கொக்கி போட்டு நிற்பதால், ஒன்று போனால் மற்றது உருவிக்கொண்டு வரும். நூலுக்குத் தேன்மெழுகு பூசினால் துளையில் இறுகி நிற்கும், ஈரமும் ஏறாது.

காதைத் தைக்கும் முன்பு வளையத்தின் உட்புறத்தை நகத்தால் தடவிப் பார்க்க வேண்டும். பித்தளை தேய்ந்து ஓரம் கூராகியிருந்தால் அரத்தால் ராவலாம், அல்லது வளையத்தையே மாற்றலாம். முதல் காதை அறுத்தது அந்தக் கூராகவே இருக்கலாம்.