கம்பிகளின் கதை

யாழ்ப்பாணத்தின் பத்திரிகை வரலாறு கம்பிக்கு முந்தியது. அமெரிக்க மிஷனரிமார் 1841இல் 'உதயதாரகை'யைத் தொடங்கியபோது இலங்கையில் தந்தியே இல்லை. கொழும்புக்கும் காலிக்கும் இடையே தந்திப் பாதை 1858இல்தான் திறக்கப்பட்டது. அதன் பின்னரே செய்தி கம்பியில் பயணம் செய்யத் தொடங்கியது.

கம்பியின் அருமையை எமது தலைமுறை நூல்களில் படித்து அறியவில்லை. 1990 யூனில் போர் மீண்டும் மூண்டு, புகையிரதமும் மின்சாரமும் தொலைபேசியும் நின்றபோது பட்டு அறிந்தது. சைக்கிள் டைனமோவைச் சுழற்றி வானொலிச் செய்தி கேட்ட ஊர் இது.

பின்னர் கணினிகள் வந்தன. அவற்றை ஒன்றோடொன்று இணைக்கும் ஈதர்நெட் முறையை 1973இல் கலிபோர்னியாவில், செரொக்ஸ் நிறுவனத்தின் ஆய்வு நிலையத்தில், ரொபேர்ட் மெற்காஃபும் டேவிட் பொக்ஸும் உருவாக்கினர். ஒளியைச் சுமந்து செல்வதாக முன்னோர் நம்பிய 'ஈதர்' என்ற பொருளின் பெயரையே அதற்குச் சூட்டினர். தொடக்க காலத்தில் பயன்பட்டது ஓரச்சு வடம்: நடுவே செப்புக் கம்பி, அதைச் சுற்றிக் காப்பு, அதற்கு மேல் உலோக வலை. தடித்த வடம் 500 மீற்றர் வரையும், மலிவான மெல்லிய வடம் 185 மீற்றர் வரையும் செல்லும். எல்லாக் கணினிகளும் ஒரே வடத்தில் மணிமாலைபோலக் கோக்கப்பட்டிருக்கும்.

அந்த மாலையின் பலவீனத்தை நான் பணியாற்றிய அலுவலகம் ஒன்றில் கண்டிருக்கிறேன். நள்ளிரவு, பக்கங்கள் முடியும் தறுவாய். யாரோ ஒருவரின் கால் பட்டு மேசைக்கடியில் ஓர் இணைப்புக் கழன்றது. ஒரு கணினி அல்ல, அத்தனையும் பேச்சிழந்தன. மின்பிறப்பாக்கியின் மண்ணெண்ணெய் தீர்வதற்குள் அந்த இணைப்பைத் தேடி நாங்கள் பட்ட பாடு இன்றும் நினைவிருக்கிறது.

இதற்குத் தீர்வாக 1990இல் முறுக்கிய சோடிக் கம்பி ஈதர்நெட்டின் நியமமாயிற்று. இரு கம்பிகளை ஒன்றோடொன்று முறுக்கினால் வெளி இரைச்சல் இரண்டிலும் ஒரேயளவாகப் பதிந்து, முடிவில் கழிபட்டுவிடும். தொலைபேசிக்காக கிரகாம் பெல் 1881இலேயே காப்புரிமை பெற்ற உத்தி இது. ஒவ்வொரு கணினிக்கும் தனிக் கம்பி. ஒன்று அறுந்தாலும் மற்றவை இயங்கும். எல்லை 100 மீற்றர்.

இன்று கடைகளில் உள்ள வகைகளில் 'கற் 5ஈ' விநாடிக்கு ஒரு ஜிகாபிட் கடத்தும்; வீட்டுக்கும் வகுப்பறைக்கும் அது போதும். 'கற் 6' பத்து ஜிகாபிட்டை ஏறத்தாழ 55 மீற்றர் வரையும், 'கற் 6ஏ' 100 மீற்றர் முழுவதும் கொண்டுசெல்லும். உலோகக் கவசமிட்ட வகை, மின்பிறப்பாக்கியும் மோட்டரும் உள்ள இடங்களுக்கு உரியது. கவசத்தைப் புவியிணைப்புச் செய்யாவிடில் பயன் இல்லை.

எமது மண்ணுக்கு இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. ஒன்று, ஐப்பசி, கார்த்திகை மாத இடிமின்னல். ஒரு கட்டடத்திலிருந்து மற்றொன்றுக்குச் செப்புக் கம்பி இழுத்தால் மின்னலின் தாக்கம் அதன் வழியே கருவிகளை எரித்துவிடும். அங்கே ஒளியிழையே தகும். கண்ணாடி மின்சாரத்தைக் கடத்தாது. மற்றையது, செப்புப் பூசிய அலுமினியக் கம்பி. விலை குறைவு, நியமத்துக்கு உட்படாதது, எளிதில் முறியும், கம்பி வழியே மின்சாரம் பெறும் கமராக்களை இணைத்தால் சூடேறும். கம்பியின் முனையைச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாக இருந்தால் அது செம்பு அல்ல.

2002இல் திறந்த ஏ-9 வீதி 2006 ஓகஸ்டில் மூடப்பட்டபோது, அந்த மெல்லிய ஓரச்சு வடமே என் நினைவுக்கு வந்தது. ஒரே பாதையில் கோக்கப்பட்டிருந்த குடாநாடு முழுவதும் ஒரே நாளில் தனித்துப்போயிற்று.

புலம்பெயர்ந்த பழைய மாணவர்கள் தாம் படித்த பள்ளிக்குக் கணினி வாங்கிக் கொடுக்கிறார்கள், போற்றத்தக்க பணி. அடுத்த முறை பணம் அனுப்பும்போது, 'எந்தக் கம்பி போடுகிறீர்கள்?' என்றும் ஒரு வார்த்தை கேளுங்கள்.