ஊர்தியும் உடன் வந்த ஏடும்

வெளியூர் விருந்தினர் புனேக்கு வந்தால், சனிவார் வாடாவைக் காட்டிய கையோடு சுக்கிரவார் பேட்டையிலுள்ள ராஜா தினகர் கேள்கர் அருங்காட்சியகத்துக்கும் அழைத்துச் செல்வது நம்மவர் வழக்கம். வாளும் கேடயமும் காண வருவோர், வரிசை வரிசையாக வைத்திருக்கும் பாக்குவெட்டிகளையும் மைக்கூடுகளையும் விளக்குகளையும் கண்டு முதலில் சற்றே திகைப்பர். மூக்குக்கண்ணாடிக் கடை நடத்திய தினகர் கேள்கர் (1896–1990) 1920ஆம் ஆண்டையொட்டித் தம் தேட்டத்தைத் தொடங்கினார். பழைய சர்தார் குடும்பங்களின் பரண்களில் கிடந்தவை அவர் கைக்கு வந்து சேர்ந்தன. ஏழு வயதில் மறைந்த மகன் ராஜாவின் பெயரைத் தம் தொகுப்புக்குச் சூட்டி, 1975இல் அதனை மகாராஷ்டிர அரசிடம் ஒப்படைத்தார். பேஷ்வாக்களின் போர்களை ஆவணங்கள் உரைக்கும். அக்காலத்து இல்லத்தில் எந்த விளக்கு எரிந்தது, எந்த வெட்டியால் பாக்கு நறுக்கினர் என்பதைக் கேள்கரின் தேட்டமே உரைக்கிறது.

மோட்டார் வண்டியின் வரலாற்றுக்கும் இந்தக் கண் வேண்டும் என்பது எம் கருத்து. பழங்கார்களின் அணிவகுப்பைக் காண்போர் அவற்றின் பளபளப்பில் மயங்குகின்றனர். ஆனால் அந்தப் பளபளப்பு பெரும்பாலும் நேற்றுப் பூசியது. பலமுறை கைமாறிப் பலமுறை பழுது பார்க்கப்பட்ட வண்டி தன் பிறப்பைப் பற்றி உண்மை சொல்லும் என்று நம்புவதற்கில்லை. அதை விற்றபோது கொடுத்த விலைப்பட்டியல், வண்ணப்படச் சிற்றேடு, பராமரிப்புக் கையேடு, உடன் வாங்கிய விளக்கு, ஆரன் ஆகியவையே நேர்மையான சாட்சிகள். ஆங்கிலத்தார் இத்தகைய விற்பனைத் தாள்களையும் ‘இலக்கியம்’ என்றே அழைப்பர். இம்மலரில் எழுதும் புலவர் பெருமக்கள் பொறுத்தருள்க!

ஃபோர்டின் ‘டி’ வண்டியையே எடுத்துக்கொள்வோம். அது கறுப்பு நிறத்தில்தான் வந்தது என்பது உலகறிந்த செய்தி. 1914 முதல் 1925 வரை அது உண்மையே. ஆனால் 1908இல் விற்பனை தொடங்கியபின் முதல் சில ஆண்டுகளில் சிவப்பு, பச்சை, சாம்பல் எனப் பல நிறங்களில் அது வந்தது. பழுதுபார்ப்போர் பழக்கத்தால் கறுப்பைப் பூசிவிட்டால், அந்தக் காலத்துச் சிற்றேடுதான் எழுந்து மறுத்துப் பேச வேண்டும். 850 டாலரில் தொடங்கிய அதன் விலை 1925இல் 260 டாலராக இறங்கியது. வண்டி எளிமையாகவே வந்ததால், வேண்டிய துணைப்பொருள்களைத் தனியே செய்து விற்கப் பெருந்தொழில் ஒன்றே கிளைத்தது.

துணைப்பொருள்களுள் ஒன்று நம் நாவிலேயே குடியேறிவிட்டது. தொடக்கக் காலக் கார்களில் மாற்றுச் சக்கரம் கிடையாது. டயர் வெடித்தால் நடுவழியில் அமர்ந்து ஒட்டுப்போட வேண்டியதுதான். 1904இல் வேல்ஸ் நாட்டு லனெத்லி நகரத்தார் சிலர், ஆரக்கால் இல்லாத வளையத்தில் காற்றடைத்த டயரைப் பொருத்தி, பழுதான சக்கரத்தின் பக்கத்தில் மாட்டிக்கொள்ளும் உபாயத்தைக் கண்டனர். அவர்களுடைய பட்டறை இருந்த தெருவின் பெயர் ஸ்டெப்னி. அங்கே அச்சொல் வழக்கொழிந்துவிட்டது. இங்கோ, ஆங்கிலம் அறியாத லாரிக் கிளீனரும் ‘ஸ்டெப்னி’ என்றே சொல்கிறார்!

நம் நாட்டு வண்டிகளுக்கு இத்தாள்கள் இன்னும் இன்றியமையாதவை. சென்னை ஸ்டாண்டர்டு மோட்டார் நிறுவனம் 1961 முதல் ஹெரால்டு காரைச் செய்தது. இங்கிலாந்தில் அதன் மூலமான டிரையம்ப் ஹெரால்டுக்கு இறுதிவரை இரண்டே கதவுகள். குடும்பத்தோடு பயணம் செல்லும் நம்மவருக்காகச் சென்னையார் பின்னர் நான்கு கதவு வைத்தனர். இங்கிலாந்துக் கையேட்டில் அந்த வண்டிக்கு இடமில்லை. சென்னையில் அச்சான தாள்கள் அழிந்தால் அதன் கதையும் மங்கும்.

புனேயின் கதை வேறு. ஆகுர்டியில் பஜாஜ் ஆலை 1972 முதல் சேத்தக் ஸ்கூட்டரைச் செய்தது. 1959இல் கார்களுக்கும் 1960இல் ஸ்கூட்டர்களுக்கும் அரசின் விற்பனைக் கட்டுப்பாட்டு ஆணைகள் வந்திருந்தன. முன்பணம் கட்டி ஆண்டுக்கணக்கில் காத்திருப்பது இயல்பாயிற்று. வாங்குவோர் வரிசையில் நிற்கையில் விற்பவருக்கு வண்ணச் சிற்றேடு எதற்கு? ஆகவே அக்கால இந்திய வாழ்வை அறிய விரும்புவோர் தேட வேண்டியது அழகிய விளம்பரத்தை அன்று. பதிவுச் சீட்டையும், வரிசை எண் எழுதிய அஞ்சலட்டையையும்தான். அவற்றைச் சேர்ப்பார் மிகச் சிலர். பார்வைக்கு அழகில்லாத பொருளைப் போற்றுவதற்குக் கேள்கரைப் போன்ற மனம் வேண்டும்.

இதைச் சொல்லும் எமக்கும் தகுதி குறைவே. எம் தந்தையார் 1974இல் பதிந்த சேத்தக், 1982இல் வீடு வந்தது. எட்டாண்டுக் காலம் அந்தச் சீட்டு, தாயாரின் நகைப்பெட்டியில் சங்கிலிக்கு அடியில் மடித்து வைத்தபடி இருந்தது. பின்னாளில் வீடு மாறியபோது, சீட்டையும் கையேட்டையும் பழைய செய்தித்தாள் கட்டோடு ரத்திக்காரரிடம் எடைக்குப் போட்டவர்கள் நாமே. வண்டியும் விலைபோயிற்று. பிறகு பழம்பொருள் கூடும் ஜூனா பஜாரில் எத்தனையோ ஞாயிறு அலைந்தோம். பிறர் வண்டிகளின் தாள்கள் ஓரிரண்டு அகப்பட்டன. நம்முடையது அகப்படவில்லை.

ஒன்றுமட்டும் பரணில் எஞ்சியிருக்கிறது. அது வண்டியின் ஸ்டெப்னி உறை. அதில் ‘முருகன் துணை’ என்று எழுதித் தருமாறு தந்தையார், தமிழறியாத மராத்தி ஓவியர் ஒருவரிடம் தாளில் எழுதிக் கொடுத்திருந்தார். அவர் எழுத்தை அச்சாகப் பார்த்து வரைந்தார். புள்ளியைத் தாளில் விழுந்த மைத்துளி என எண்ணி விட்டுவிட்டார். ‘முருகன துணை’ என்று சிவப்பு வண்ணத்தில் இன்றும் அது அப்படியே இருக்கிறது.