பார்பெரா

போன வெள்ளிக்கிழமை குர்கானில் ஒரு ஓட்டலில் இத்தாலிய சிவப்பு ஒயின் சுவைக்கும் மாலை. ஆபீஸ் நண்பர் ஒருவர் இழுத்துக்கொண்டு போனார். நான் இந்த விஷயத்தில் கத்துக்குட்டி. கிளாஸைச் சுழற்று என்றால் சுழற்றுவேன், முகர்ந்து பார் என்றால் முகர்வேன், அவ்வளவுதான்.

ஆறு ஒயின் ஊற்றினார்கள். எல்லோரும் காத்திருந்தது பரோலோவுக்கு. நெபியோலோ திராட்சையில் செய்வது. நிறம் வெளிறித்தான் இருக்கிறது. ஆனால் ஒரு வாய் குடித்தால் நாவல்பழம் தின்ற மாதிரி நாக்கை இழுத்துப் பிடிக்கிறது. சட்டப்படி 38 மாதமாவது ஊறியபின்தான் விற்கலாமாம். எனக்குப் பிடித்தது அதற்கு முன்னால் வந்த பார்பெரா. துவர்ப்பு குறைவு, நல்ல புளிப்பு. ஊற்றியவர் "அஸ்தி பகுதியில் விளைவது" என்றார். ஊர்ப் பெயரே அதுதான், சிரிக்காதீர்கள் :-) இரண்டுமே வட இத்தாலியின் பியட்மாண்ட் ஒயின்கள்.

இதே பார்பெராவுக்கு ஒரு பழைய கதை உண்டு. அதை அங்கே யாரும் சொல்லவில்லை. சொல்கிற இடமும் அது இல்லைதான்.

பரோலோ பணக்காரர் வீட்டு விருந்துக்கு என்றால், பார்பெரா கூலிக்காரர் வீட்டுச் சாப்பாட்டுக்கு. சூப்பர் மார்க்கெட்டில் பெரிய பாட்டிலில் அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். மலிவு ஒயினில் போதை போதாவிட்டால் சர்க்கரை சேர்த்து ஏற்றலாம். ஆனால் இத்தாலியில் அதற்குச் சட்டம் இடம் தராது. 1984-ல் மெத்தனால் மீதான வரியை எடுத்தார்கள். தொழிற்சாலைச் சரக்கு மலிவாகிவிட்டது. சிலர் அதை அப்படியே ஒயினில் கலந்தார்கள்.

1986 மார்ச்சில் மிலானிலும் சுற்றுப்புறத்திலும் ஆட்கள் ஆஸ்பத்திரிக்கு வர ஆரம்பித்தார்கள். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறுகிறது. கண் நரம்பைத்தான் முதலில் தின்னும். நல்ல சாராயமும் கூடவே இருந்தால் இந்த மாற்றம் தாமதமாகும். குடித்தவனுக்கு உடனே ஒன்றும் தெரியாது. இருபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். பலருக்குப் பார்வை போனது. விசாரணை போய் நின்ற இடங்களில் ஒன்று, பரோலோ மலைகளுக்குப் பக்கத்திலேயே இருக்கும் நார்சோலே.

அடுத்த நாடுகள் இத்தாலிய ஒயினை எல்லையில் நிறுத்தின. ஏற்றுமதி சரிந்தது. ஒரு சொட்டுக்கூடக் கலக்காத விவசாயியும் சேர்ந்து அடிபட்டான்.

ஒரு விஷயத்தைச் சொல்ல வேண்டும். தரம் பற்றிய அக்கறை 1986-க்குப் பிறகுதான் வந்தது என்று சிலர் எழுதுகிறார்கள். அது சரியில்லை. ஜாகோமோ போலோஞ்ஞா என்பவர் 1982 அறுவடையிலேயே பார்பெராவைச் சின்ன ஓக் பீப்பாயில் ஊறவைத்துப் பார்த்தார். ஏழை ஒயினுக்கு இந்த ராஜ உபசாரமா என்று கேட்டிருப்பார்கள் என்பது என் யூகம். 1986 செய்தது வேறு. மலிவாக, நிறைய விற்கும் பழைய வழியின் மேல் ஜனங்களுக்கு இருந்த நம்பிக்கையை உடைத்துவிட்டது. அரசாங்கமும் விழித்துக்கொண்டது. எந்த ஊர், எந்தத் தோட்டம் என்பது வரை லேபிளுக்குக் கணக்கு கேட்கும் சட்டம் 1992-ல் வந்தது. அதற்குப் பெயரே கோரியா சட்டம். அப்போதைய விவசாய மந்திரி ஜொவான்னி கோரியா, அதற்கு முன் பிரதமராக இருந்தவர். பிறந்த ஊர் அஸ்தி! 2008-ல் அஸ்தியின் பார்பெராவுக்கு மிக உயர்ந்த தர முத்திரையே கிடைத்தது.

எனக்கு இந்தக் கதை தெரிய வந்தது 2024 ஜூனில். கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தபோது, இந்த மெத்தனால் வேறு எங்கெல்லாம் கொன்றிருக்கிறது என்று தேடினேன். பிகார், குஜராத் எல்லாம் எதிர்பார்த்ததுதான். இத்தாலியை எதிர்பார்க்கவில்லை.

நண்பரிடம் இதைச் சொன்னேன். கிளாஸை ஒரு நிமிஷம் கீழே வைத்தார். பிறகு, "இது என்ன வருஷத்து பாட்டில்?" என்று ஊற்றியவரைக் கேட்டார்.