மூளையும் இறைநம்பிக்கையும்

மனித மூளை பிறவியிலேயே கடவுளை நம்பும்படி அமைந்திருக்கிறதா என்பது நரம்பியல், உளவியல், மானிடவியல் மூன்றும் சேர்ந்து ஆராயும் கேள்வி. கடவுளுக்கென்று மூளையில் தனி இடம் எதுவும் இதுவரை கண்டறியப்படவில்லை. நம்பிக்கை எளிதில் வேரூன்ற உதவும் இயல்புகள் மட்டும் எல்லோரிடமும் உண்டு. இந்த ஆராய்ச்சியில் ஆராய்ந்தவர்களிலும் ஆராயப்பட்டவர்களிலும் தமிழர்கள் இருக்கிறார்கள்.

‘கடவுள் புள்ளி’ என்ற பேச்சு பரவியதில் முக்கியப் பங்கு, சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரனின் (பிறப்பு: 1951) ஆய்வுக்கு உண்டு. நெற்றிப்பொட்டுக்கு உட்புறமுள்ள மூளை மடலில் வலிப்பு தோன்றுபவர்களில் சிலருக்குப் பக்தி அளவுகடந்து பெருகுவதை அமெரிக்க மருத்துவர் நார்மன் கெஷ்விண்ட் 1970களில் விவரித்திருந்தார். அத்தகைய இருவருக்கு ராமச்சந்திரன் குழுவினர் சொற்களையும் படங்களையும் காட்டி, வியர்வையால் தோலின் மின்கடத்தும் தன்மை மாறுவதை அளந்தனர். காமம், வன்முறை சார்ந்தவற்றைவிடச் சமயம் சார்ந்தவற்றுக்கே அவர்கள் உடல் அதிகம் சிலிர்த்தது. 1997இல் இது வெளியானதும் செய்தித்தாள்கள் கடவுளின் இருப்பிடம் கிடைத்துவிட்டதாக எழுதின. இரண்டு நோயாளிகளை வைத்து மனித குலத்துக்கே தீர்ப்பு எழுத முடியாது. ராமச்சந்திரனும் அப்படி எழுதவில்லை.

பின்வந்த ஆய்வுகள் அந்தப் புள்ளியைக் கலைத்துவிட்டன. கனடாவில் கார்மல் சபைக் கன்னியர் 15 பேரிடம் நடந்த ஆய்வு (2006), இறையனுபவத்தை நினைவுகூரும்போது மூளையின் பல பகுதிகள் ஒருசேர இயங்குவதைக் காட்டியது. டென்மார்க்கில் 2009இல் வெளியான ஆய்வு இன்னும் அருமையானது: மனமுருகி வேண்டும்போது, எதிரிலிருக்கும் மனிதரின் மனத்தை அறிய உதவும் பகுதிகளே வேலை செய்கின்றன. “முருகா, கண் திறந்து பாருப்பா” என்று சன்னதியில் நின்று கேட்பவர், உறவினரிடம் பேசுவது போலத்தான் பேசுகிறார். மூளையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறது.

இந்த நம்பிக்கையில் மூளைக்கும் ஊருக்கும் உள்ள பங்கைச் செங்கல்பட்டு வட்டாரத்தில் நேரில் பார்க்கலாம். ஜி.எஸ்.டி. சாலையில் தைப்பூச நாட்களில் செவ்வாடை பக்தர்களின் வண்டிகள் மேல்மருவத்தூருக்குப் போகின்றன. சுற்றுவட்டாரத்துத் திரௌபதி அம்மன் கோயில்களில் காப்புக் கட்டி, பாரதம் படித்து, கடைசியில் தீமிதிப்பார்கள். பம்பைச் சத்தம் ஏற ஏறச் சிலருக்குச் சாமி வரும். பெரியவர்கள் விபூதி பூசி, “வந்திருக்கிறது யாரு?” என்று கேட்பார்கள். பேரைச் சொல்லி, குறை சொல்லி, குறி சொல்லி, கற்பூரம் காட்டியதும் சாமி மலையேறிவிடும். தாளத்தில் தன்னை இழக்கும் ஆற்றல் மூளைக்கு உரியது. ஆனால் அங்காளம்மனைக் கேள்விப்படாதவர்மேல் அங்காளம்மன் வருவதில்லை. வரும் சாமியின் பெயரையும் பேச்சையும் ஊர்தான் கற்றுக்கொடுக்கிறது.

மொரீஷியஸ் தமிழர்களின் தைப்பூசக் காவடியை மானிடவியலாளர் திமித்ரிஸ் ஸைகலாடாஸ் குழுவினர் ஆராய்ந்து 2013இல் வெளியிட்டனர். கூட்டு வழிபாட்டில் மட்டும் கலந்துகொண்டவர்களைவிட, அலகு குத்திக் காவடி எடுத்தவர்கள் கோயிலுக்குக் கூடுதலாக நன்கொடை தந்தனர். அவர்களுடன் வந்து வலியைப் பார்த்தவர்களும் அப்படியே தந்தனர். சடங்கு ஊரை ஒன்றாகக் கட்டுவதற்கு இது நல்ல சான்று.

நம்பிக்கை தவிர்க்க முடியாதது என்றால் நம்பாதவர்கள் தலைமுறை தலைமுறையாக வாழ முடியாது. 1925இல் பெரியார் தொடங்கிய சுயமரியாதை இயக்கத்தின் வழிவந்த குடும்பங்களில் தாலியும் புரோகிதரும் இல்லாமல் திருமணம் செய்து, சாமி கும்பிடாமலே பிள்ளைகளை வளர்த்தவர்கள் தமிழ்நாட்டில் ஏராளம். அவர்கள் மூளையும் இதே மூளைதான். ஆகவே மூளை நம்பிக்கைக்கு இடம் கொடுக்கிறது, கட்டாயப்படுத்துவதில்லை என்பதே சரியான முடிவு.

சாமி வருவதையும் வலிப்பையும் ஒன்றாக எண்ணுவது ஆபத்தானது. சாமி பம்பையோடு வந்து கற்பூரத்தோடு போகும். வலிப்பு நேரம் காலம் பார்க்காது. நினைவு தப்பும், சிலருக்கு நாக்குக் கடிபடும். முறையான சிகிச்சை கிடைத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். வீட்டில் ஒருவருக்கு அப்படி வந்தால், மந்திரிக்க அழைத்துப்போய் நாளைக் கடத்தாமல் அரசு மருத்துவமனைக்குக் கூட்டிச் செல்லுங்கள்.