எண்ணெய் சுமந்த பாரம்

உருளைத் தாங்கிகள் வருமுன், அச்சுப்பெட்டி சூடேறி வண்டிகள் வழியில் நின்ற செய்தியை இருப்புப்பாதையில் பணியாற்றும் நாம் நன்கு அறிவோம். எவ்வளவு தேய்த்து மெருகிட்டாலும் உலோகப் பரப்பில் நுண்ணிய மேடுபள்ளங்கள் இருந்தே தீரும். எண்ணெய் அப்பள்ளங்களை நிரப்பி வழுக்கச் செய்கிறது என்றே நாம் எளிதில் எண்ணிவிடுவோம். உண்மை வேறு.

1883ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகத்திற்காகப் பீச்சம் டவர் என்பார், அச்சொன்றின் அடிப்புறம் எண்ணெயில் தோயுமாறு வைத்து ஆராய்ந்தார். மேலிருந்த பித்தளைத் தாங்கியில் துளையிட்டதும், அச்சுச் சுழல, எண்ணெய் அதன் வழியே பொங்கியது. தக்கையால் அடைத்தார், எண்ணெய் அதைத் தள்ளியது. மரமுளை அடித்தார்; அதுவும் நில்லாது வெளியேறியது. அழுத்தமானியோ சதுர அங்குலத்திற்கு 200 இராத்தலுக்கு மேல் காட்டியது. தாங்கியின் சராசரிப் பாரம் ஏறத்தாழ 100 இராத்தலே!

இதன் காரணத்தை 1886இல் ஆஸ்போர்ன் ரெய்னால்ட்ஸ் விளக்கினார். சுழலும் அச்சு எண்ணெயைக் குறுகும் இடைவெளிக்குள் ஆப்புப்போல் இழுக்கிறது. அங்கு எழும் அழுத்தமே பாரத்தைத் தூக்குகிறது.

இப்படலம், இரு பரப்புகளின் மொத்தச் சொரசொரப்பைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு தடித்திருந்தால், மேடுகள் ஒன்றையொன்று தீண்டா. வண்டி புறப்படும்போதோ படலம் மெலிகிறது; மேடுகள் உரசுகின்றன; உராய்வு மிகுகிறது. வேகம் கூடக் கூட உராய்வு முதலில் குறைந்து, பின்னர் எண்ணெயின் பிசுக்கினால் மெல்ல உயர்வதை 1902இல் ஜெர்மானியரான ஸ்ட்ரிபெக் அளந்து காட்டினார். புதிய தாங்கியை இலேசான பாரத்தில் ஓட்டிப் பழக்குவதும், முனைப்பான மேடுகள் தேய்ந்து அடங்குவதற்கே.

பொங்கிய எண்ணெயைத் தொல்லையென்று துடைத்துவிட்டு டவர் அகன்றிருப்பின், இவ்வுண்மை வெளிப்படக் காலம் தாழ்ந்திருக்கும்.