ஓர் இலட்சமும் ஐந்தாண்டும்

பொருளுதவி வேண்டி விண்ணப்பம் வரைவோர் எவராயினும் இரண்டு வினாக்களுக்கு விடை கூறியாக வேண்டும். எத்தனை ஆண்டு? எவ்வளவு தொகை? சேதராப்பட்டில் நம் வட்டத்தின் நூலகத்திற்காக மானிய விண்ணப்பம் எழுத அமர்ந்தபோது எம்மைத் தயங்க வைத்தவையும் இவையே. அப்போது நினைவில் எழுந்தது, தமிழ்ப் பேரகராதி உருவான வரலாறு.

சென்னை அரசின் பொருளுதவியோடு 1913இல் அப்பணி தொடங்கிற்று. மதுரையில் சமயப்பணி ஆற்றிவந்த அமெரிக்கரான சாண்ட்லர் பாதிரியார் பதிப்பாசிரியரானார். மதிப்பீடு: ஐந்தாண்டுக் காலம், ஓர் இலட்சம் ரூபாய்.

1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியில் இருந்த சொற்கள் 67,452. அதன் பின்னரே சீவக சிந்தாமணியும் (1887) சிலப்பதிகாரமும் (1892) புறநானூறும் (1894) உ. வே. சாமிநாதையரின் உழைப்பால் அச்சேறின. ஏட்டில் உறங்கிய சொற்களெல்லாம் அகராதியில் இடம் கேட்டு நின்றன. இவ்வெள்ளத்தை ஐந்தாண்டில் அடக்க இயலுமோ? முதற்பகுதி வெளிவரவே 1924 ஆயிற்று. 1926இல் பொறுப்பேற்ற ச. வையாபுரிப் பிள்ளை 1936இல் ஆறு தொகுதிகளையும் நிறைவு செய்தார். சொற்கள் 1,04,405, செலவு ஏறத்தாழ 4,10,000 ரூபாய். 1939இல் வந்த அநுபந்தம் மேலும் 13,357 சொற்களைச் சேர்த்தது.

இருபத்துமூன்று ஆண்டு, நான்கு இலட்சம் என்று முதலிலேயே எழுதியிருப்பின் எந்த அரசு கையொப்பம் இட்டிருக்கும்? பேரகராதியே பிறந்திராது என்பது என் துணிபு. ஆயினும், தெரிந்தே குறைத்து எழுத மனம் ஒப்பவில்லை. எம் விண்ணப்பத்தில் மூன்றாண்டு என்றிருந்ததை அடித்து, ஆறாண்டு என்று எழுதினோம்.