கோலா தெர்லா சரிவும் கணினியில் எழும் கட்டடமும்

மலைச்சரிவில் கட்டடம் எழுப்புமுன் எதைப் பார்க்க வேண்டும்? இந்த வார அரங்கில் எழுந்த கேள்வி இதுதான்.

கேமரன் மலையின் கதையே ஒரு வரைபடக் கோளாறில் தொடங்குகிறது. 1885-இல் நில அளவையாளர் வில்லியம் கேமரன் இந்த மேட்டுநிலத்தைக் கண்டார். ஆனால் படத்தில் அதைச் சரியாகக் குறிக்கவில்லை. 1925-இல் ஜார்ஜ் மேக்ஸ்வெல் வந்து பார்த்த பிறகே மேம்பாடு வேகம் பெற்றது. 1929-இல் போ தேயிலைத் தோட்டம் தொடங்கியது. 1931-இல் தாப்பாவிலிருந்து சாலை வந்து சேர்ந்தது. தோட்டங்களில் நம்மவர் சரிவுகளைத் திருத்தித் தேயிலை நட்டனர், லயங்களில் குடியேறினர்.

சரிவைப் புறக்கணித்தால் என்ன ஆகும் என்பதை 1993 டிசம்பர் 11 காட்டியது. உலு கிளாங் ஹைலண்ட் டவர்ஸ் அடுக்குமாடியின் ஒரு கட்டடம் சரிந்தது. 48 உயிர்கள் பறிபோயின. பின்னால் இருந்த மலைச்சரிவில் மழைநீர் வடிகால் சீர்கெட்டதும், தடுப்புச் சுவர்கள் தாங்காததும் முக்கியக் காரணங்கள்.

இங்கேதான் முப்பரிமாணத் தகவல் மாதிரி உதவுகிறது. 1970-களில் அமெரிக்கப் பேராசிரியர் சார்லஸ் ஈஸ்ட்மன் முன்வைத்த எண்ணத்தில் வேர்கொண்டது இது. பழைய முறையில் தரைப்படம் ஒரு தாளில், குழாய்ப்படம் வேறு தாளில். புதிய முறையில் எல்லாம் ஒரே மாதிரியில். சுவரின் கனம், பொருள், செலவு யாவும் அதிலேயே இருக்கும். ஓரிடத்தில் மாற்றினால் மற்றப் படங்களும் மாறும். உத்தரத்தைக் குழாய் குறுக்கிட்டால், சிமெண்டு கலக்குமுன்பே தெரிந்துவிடும். சரிவையும் வடிகாலையும் சேர்த்தே ஆராயலாம். நம் பொதுப்பணித் துறை 2007-இல் இதில் இறங்கியது. புத்ராஜெயா தேசியப் புற்றுநோய்க் கழகக் கட்டடம் அதன் முன்னோடித் திட்டங்களில் ஒன்று.

ஆனால் நாம் சொல்லாததைக் கணினி அறியாது. படப்பிடிப்புக்காகக் கோலா தெர்லா சென்றபோது ஒரு பாட்டி கையை நீட்டி, "பெருமழைன்னா தண்ணி இப்படித்தான்யா இறங்கும்" என்றார். அந்த வழி எந்தப் படத்திலும் இருந்திருக்காது. 'கோலா' என்றாலே ஆறு சென்று கலக்கும் இடம். ஊரின் பெயரிலேயே தண்ணீர் இருக்கிறது.

ஆகவே பொறியாளர்களே, மாதிரியை அமைக்குமுன் அங்கு வாழ்பவரைக் கேளுங்கள். அமைத்தபின் அவர்களுக்கே காட்டுங்கள். தாளில் உள்ள கோடு புரியாதவருக்கும் திரையில் எழும் வீடு புரியும். இந்தத் தொழில்நுட்பத்தின் பெரிய பயன் அதுவே. மீண்டும் அடுத்த வாரம் சந்திப்போம்.